அழிவது செல்லா, இணைப்பா? அம்மாவின் ஆறாவது பிழையும் சினாப்ஸ் ஆராய்ச்சியும்

கேள்வி: மெய்ப்புக்காரர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 73 வயது. 31 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். 14 மாதங்களுக்கு முன் நரம்பியல் மருத்துவர் அல்சைமர் நோயின் தொடக்க நிலை என்று உறுதி செய்தார். ஸ்கேன் அறிக்கையில் "ஹிப்போகாம்பஸ் இருபுறமும் லேசாகச் சுருங்கியுள்ளது" என்று ஒரே ஒரு வரி. அன்றிலிருந்து அந்த ஒரு வரிக்குப் பொருள் தேடித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை அம்மா நாளிதழின் மூன்றாம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் பிழை திருத்தினார். ஐந்து பிழைகள். சேர்க்க, நீக்க, இடம் மாற்ற என்று அந்தக் காலத்துக் குறிகள் எல்லாம் ஓரத்தில் பிசகாமல் விழுந்தன. பிறகு எழுந்து முகம் கழுவப் போனார். இருபது நிமிடம் கழித்து வந்து அதே பக்கத்தின் முன் உட்கார்ந்தார். சிவப்புச் சுழிப்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரோ நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார்" என்று சொல்லி, நீலப் பேனாவை எடுத்து ஆறாவது பிழையைச் சுழித்தார். அது உண்மையிலேயே பிழைதான். நான் பதில் எதுவும் சொல்லவில்லை.

தான் திருத்தியது என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கையெழுத்தும் தெரியவில்லை. ஆனால் தானே விட்டதைக் கண்டுபிடிக்க முடிகிறது. அன்று மாலை என் பெயரைக் கேட்டார். மறுநாள் காலை நான் எதுவும் சொல்லாமலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மறதிநோயில் மூளைச் செல்கள் இறந்துபோகின்றன என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். செல்கள் இறப்பதற்கு முன்பே அவற்றுக்கிடையே உள்ள நரம்பிணைப்புகள், அதாவது சினாப்ஸ்கள், குறைகின்றன என்றும் ஆராய்ச்சியின் கவனம் இப்போது அங்கேதான் இருக்கிறது என்றும் அண்மையில் படித்தேன். இது உண்மையா? உண்மையானால், என் பெயர் அம்மாவுக்குள் அழிந்துபோய்விட்டதா, அல்லது உள்ளே இருந்தும் அவருக்கு எட்டவில்லையா? செவ்வாய் மாலை இல்லாதது புதன் காலை எங்கிருந்து வந்தது? இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது பொறுமையாக விளக்கினால் நன்றியுள்ளவளாக இருப்பேன். ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

பதில் 1: வைரக்கத்தி

மெய்ப்புக்காரர் மகள் அவர்களுக்கு,

உங்கள் அம்மாவின் ஆறாவது பிழை இரண்டு நாட்களாக என் நினைவை விட்டுப் போகவில்லை. நான் மருத்துவன் இல்லை. ஒன்பது ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் மின்னணு நுண்நோக்கியின் முன் உட்கார்ந்து சினாப்ஸ்களை எண்ணியவன். அதனால் என் கண்ணால் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

மூளைத் திசுவைப் பிசினில் கெட்டிப்படுத்தி வைரக்கத்தியால் சீவுவோம். ஒரு சீவலின் தடிமன் சுமார் 70 நானோமீட்டர். கத்திக்குப் பின்னால் சிறிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும்; சீவல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அதில் நாடாவாக மிதந்து வரும். வெள்ளி போல் மின்னினால் தடிமன் சரி. பொன்னிறம் தட்டினால் தடித்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவோம். நல்ல சீவலைச் செம்பு வலையில் ஏந்தி நுண்நோக்கிக்குள் வைத்தால், கறுப்பும் சாம்பலுமாக ஒரு காடு தெரியும். அந்தக் காட்டில் மூன்று அடையாளங்கள் ஒன்றாக அமைந்தால்தான் அதைச் சினாப்ஸ் என்று கணக்கில் சேர்ப்போம்: ஒரு பக்கம் வேதிப்பொருள் நிரம்பிய நுண்குமிழ்கள், ஒவ்வொன்றும் சுமார் 40 நானோமீட்டர், நடுவே 20 நானோமீட்டர் அளவுக்கு ஓர் இடுக்கு, எதிர்ப்பக்கத்தில் மை தீட்டியது போல் தடித்த விளிம்பு.

எந்தத் திசு நோயாளியுடையது, எது நலமாக இருந்தவருடையது என்று எண்ணுகிறவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். குறியீட்டு எண் மட்டும்தான் கொடுப்பார்கள். ஆனாலும் சில நாட்களில் பாதி எண்ணும்போதே புரிந்துவிடும். செல்லின் உடல் இருக்கும், கிளைகள் இருக்கும். கிளையோடு கிளை சந்திக்க வேண்டிய இடங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: நீங்கள் படித்தது உண்மை.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். செல்களும் இறக்கின்றன. புதிய நினைவைப் பதிய வைக்கும் பகுதி ஹிப்போகாம்பஸ். அதற்குச் செய்தி கொண்டுபோகும் வாசல் போன்றது என்டோரைனல் புறணி. மிக லேசான மறதி நிலையிலேயே அந்தப் புறணியின் இரண்டாம் அடுக்கில் பாதிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் போய்விட்டிருந்ததை 1996 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே செல்லா இணைப்பா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. சில இடங்களில் செல்லே போய்விடுகிறது. அதைவிடப் பரந்த பகுதிகளில், செல் உயிரோடு இருந்தும் அதன் கைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்கின்றன. ஒருவர் அன்றாடம் எவ்வளவு மறக்கிறார் என்பதோடு மிக நெருக்கமாகப் பொருந்துவது இந்த இரண்டாவதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமர் 1906 இல் தம் நோயாளியின் மூளையில் கண்டவை படிவுகளும் நார்முடிச்சுகளும். சாயமேற்றினால் சாதாரண நுண்நோக்கியிலேயே அவை தெரியும்; அதனால் கவனமெல்லாம் பல பத்தாண்டுகள் அவற்றிலேயே நின்றுவிட்டது. 1990 இல் டிகாஸ்கியும் ஷெஃபும் உயிரோடு இருந்த நோயாளிகளிடமிருந்து எடுத்த, மூளையின் முன்மடல் திசுவில் சினாப்ஸ்களை எண்ணினார்கள். அறிவுத்திறன் தேர்வில் யார் எவ்வளவு குறைவாக மதிப்பெண் வாங்கினார்களோ அவ்வளவுக்கு அவர்களுடைய சினாப்ஸ் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே ராபர்ட் டெர்ரியின் குழு, படிவுகளைவிடவும் முடிச்சுகளைவிடவும் சினாப்ஸ் இழப்புதான் அறிவுத்திறன் குறைவோடு வலுவாக ஒத்துப்போகிறது என்று காட்டியது. அல்சைமர் என்பதே சினாப்ஸ் தோற்றுப்போகும் நோய் என்று டென்னிஸ் செல்கோ 2002 இல் சயன்ஸ் இதழில் எழுதினார்.

அந்த 1990 ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்த இடங்களில், எஞ்சியிருந்த சினாப்ஸ்கள் பெரிதாகியிருந்தன. பக்கத்தில் இருந்தவை போனபின், இருப்பவை தங்கள் தொடுபரப்பை அகலமாக்கிக்கொண்டு ஈடுகட்டப் பார்த்திருக்கின்றன. நானும் அப்படிப்பட்டவற்றைப் பார்த்திருக்கிறேன். வழக்கத்தைவிட நீண்ட, கருத்த விளிம்பு, சுற்றிலும் வெறுமை. பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போக மனம் வராது.

இனி உங்கள் அம்மாவின் நாளிதழ்ப் பக்கம். பிழையைக் கண்டுபிடிக்கும் திறமை 31 ஆண்டு உழைப்பில் மூளையின் புறணியெங்கும் வேரோடியது. அதைத் தாங்கும் இணைப்புகள் ஏராளம், ஒன்று விட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். "இந்தப் பக்கத்தைச் சற்றுமுன் நான் திருத்தினேன்" என்பது புதிய நினைவு. அதைப் பதிய வைக்க ஹிப்போகாம்பஸும் அதன் வாசலும் வேண்டும். நோய் முதலில் கைவைப்பது அங்கேதான். சிவப்புப் பேனா பிடித்த கை பழைய மூளைக்குச் சொந்தம். அந்தப் பேனாவை யார் பிடித்தார்கள் என்ற நினைவு பதிய இடமில்லாமல் போய்விட்டது. உங்கள் அறிக்கையின் அந்த ஒற்றை வரிக்கு என்னால் கொடுக்க முடிந்த பொருள் இது.

உங்கள் பெயர் எங்கே போனது என்பதற்கு, மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்த விடை கிடையாது. எலிகளில் உண்டு. சுசுமு டோனெகாவாவின் குழு 2016 இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. அல்சைமரின் தொடக்க நிலை போன்ற நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஓர் அறையில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மறுநாள் அதே அறையில் விட்டபோது அவை அஞ்சவில்லை; மறந்துவிட்டன. பிறகு, அந்த அனுபவத்தின்போது வேலை செய்த நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டினார்கள். எலிகள் உறைந்து நின்றன. நினைவு உள்ளே இருந்திருக்கிறது. இயல்பான வழியில் அதை எட்ட முடியவில்லை. அந்தச் செல்களின் கிளைகளில் சினாப்ஸ்கள் அமரும் நுண்முட்கள் குறைந்திருந்தன. ஒளியால் திரும்பத் திரும்பத் தூண்டி அந்த முட்களை மீண்டும் முளைக்கச் செய்தபோது, ஒளியின் உதவியின்றியே நினைவு திரும்பியது.

எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் செவ்வாய் மாலை காணாமல் போய்ப் புதன் காலை திரும்பி வந்த பெயர் செவ்வாயன்று அழிந்திருக்க முடியாது. இணைப்புகள் மெலிந்துபோன பாதையில் களைப்பு, தூக்கக் குறைவு, சத்தம், பதற்றம் எல்லாமே கூடுதல் சுமை. ஓய்ந்து எழுந்த காலையில் அதே பாதையில் செய்தி எப்படியோ கடந்துவிடுகிறது.

காரணங்களைப் பற்றி நிறைய எழுதலாம். யாராவது கேட்டால் தொடர்கிறேன்.

பதில் 2: மெய்ப்புக்காரர் மகள்

ஐயா, இரண்டு முறை படித்தேன். "அழிந்திருக்க முடியாது" என்ற இடத்தில் நின்றுவிட்டு, மறுபடி முதலிலிருந்து வந்தேன். காரணங்களையும் தயவுசெய்து எழுதுங்கள். சினாப்ஸ்களை அழிப்பது எது? உயிரோடு இருக்கும் ஒருவரிடம் அதை அளக்க முடியுமா? அம்மாவுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில் 3: வைரக்கத்தி

அளப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கடந்த பத்தாண்டுகளில் என்னை மிகவும் மகிழ்வித்த முன்னேற்றம் அதுதான். நான் எண்ணிய சினாப்ஸ்களில் பெரும்பாலானவை இறந்தவர்களுடையவை. பெரும்பாலும் ஒருவர் இறந்த பிறகுதான் கணக்குப் பார்க்க முடியும் என்பது இந்தத் துறையின் பெரும் துயரமாக இருந்தது. சினாப்ஸின் நுண்குமிழ்களில் எஸ்வி2ஏ என்றொரு புரதம் இருக்கிறது. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கத் தடய மருந்தைச் செலுத்தி, பெட் ஸ்கேனில் படமெடுக்கும் முறையை யேல் பல்கலைக்கழகக் குழு 2016 இல் மனிதர்களிடம் செய்து காட்டியது. 2018 இல் அதே முறையில் தொடக்க நிலை அல்சைமர் நோயாளிகளைப் பார்த்தபோது, ஹிப்போகாம்பஸில் அந்தத் தடயம் ஒட்டியது நலமானவர்களைவிடச் சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. ஹிப்போகாம்பஸ் வெளிப்பார்வைக்கு "லேசாகச் சுருங்கியிருக்கும்" கட்டத்திலேயே உள்ளே இணைப்புகள் எவ்வளவு குறைந்திருக்கலாம் என்பதை அந்த எண் எனக்கு உணர்த்தியது.

இது ஆராய்ச்சிக்கான ஸ்கேன். மருத்துவமனையில் வழக்கமாகச் செய்வதல்ல. செய்தாலும் அம்மாவைக் கவனிக்கும் முறையில் இன்றைக்கு எதையும் மாற்றாது. இதற்காக அலைய வேண்டாம். மூளைத் தண்டுவடத் திரவத்தில் நியூரோகிரானின் என்ற சினாப்ஸ் புரதத்தை அளக்கும் முறையும் உண்டு. அல்சைமரில் அது கூடுகிறது. அதுவும் இப்போதைக்கு ஆய்வாளர்களின் கருவிதான்.

அழிப்பது எது என்பதில் குறைந்தது நான்கு கைகள் இருக்கின்றன.

அமிலாய்டு புரதம் படிவாக உறைவதற்கு முன், சில மூலக்கூறுகள் மட்டும் ஒட்டிய சிறு கொத்துகளாகத் திரவத்தில் திரிகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த அத்தகைய கொத்துகள் எலியின் ஹிப்போகாம்பஸில் சினாப்ஸ் வலுப்படுவதைத் தடுத்தன, நுண்முட்களையும் குறைத்தன என்று 2008 இல் செல்கோ குழு காட்டியது. இதைப் படிக்கும் சிலருக்கு 2024 இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை நினைவுக்கு வரும். அது 2006 இல் நேச்சரில் வந்தது. அமிலாய்டுக் கொத்துகளில் குறிப்பிட்ட ஒரு வகையைப் பற்றியது. படங்களில் கைவைக்கப்பட்டது தெரிந்து நீக்கப்பட்டது. இந்தத் துறையில் உழைத்த எல்லோருக்கும் அது வலித்தது. எத்தனை பேருடைய எத்தனை ஆண்டுகள் அதன் பின்னால் போயின! ஆனால் அந்த ஒன்றை எடுத்துவிட்டாலும், வேறு குழுக்கள் வேறு முறைகளில் கண்டவை நிற்கின்றன. "எல்லாமே பொய்யாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, நார்முடிச்சுகளாகத் திரளும் டாவ் புரதம். மறதியின் அளவோடு அமிலாய்டைவிட இதற்குத்தான் நெருக்கம். என்டோரைனல் புறணியில் தொடங்கி, ஒன்றோடொன்று இணைந்த செல்களின் வழியாகவே இது பரவுவதை 2012 இல் இரண்டு குழுக்கள் எலிகளில் காட்டின. நினைவைக் கடத்துகிற அதே பாதை நோயையும் கடத்துகிறது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. மூளைக்குள் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. குழந்தையின் மூளையில் தேவைக்கு மேல் சினாப்ஸ்கள் உண்டாகின்றன. அவற்றில் வேண்டாதவற்றைக் களைவது வளர்ச்சியின் ஒரு பகுதி. களைய வேண்டியவற்றின் மேல் சி1கியூ, சி3 ஆகிய நோயெதிர்ப்புப் புரதங்கள் அடையாளம் போல ஒட்டுகின்றன என்று 2007 இல் எலிகளில் கண்டறிந்தார்கள். அடையாளம் ஒட்டியதை மைக்ரோகிளியா விழுங்கிவிடும். அல்சைமர் எலிகளில், படிவுகள் தோன்றுவதற்கு முன்பே இதே களையெடுப்பு மீண்டும் தொடங்கிவிடுகிறது என்று 2016 இல் சோயோன் ஹாங்கும் பெத் ஸ்டீவன்ஸும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அந்தப் புரதங்களைத் தடுத்தபோது சினாப்ஸ்கள் தப்பின. குழந்தைப் பருவத்தில் தோட்டத்தைச் சீர்ப்படுத்திய அதே கை முதுமையில் பயிரையும் சேர்த்துப் பிடுங்குகிறது. கையைத் தடுத்தால் பயிர் பிழைக்குமா என்பதுதான் இப்போது பல ஆய்வுக்கூடங்களின் கேள்வி.

நான்காவது, மிகைத் தூண்டல். மறதிநோய் என்றால் மூளை அடங்கிப்போய்விடும் என்று நினைப்போம். ஆனால் படிவுகளுக்கு அருகில் உள்ள சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடிப்பதை 2008 இல் எலிகளில் கண்டார்கள். தடுக்கும் சினாப்ஸ்களும் தூண்டும் சினாப்ஸ்களும் சமநிலை இழப்பது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டீர்கள். எண்ணாக என்னால் சொல்ல முடியாது. ஆறாவது பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இருக்கிறது.

பதில் 4: இளையவன்

வைரக்கத்தி ஐயாவுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 68 வயது, மூன்று ஆண்டுகளாக இதே நோய். மிகைத் தூண்டல் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் லெவெட்டிராசெட்டம் மாத்திரை நினைவாற்றலை மேம்படுத்துகிறது என்று என் அண்ணன் எங்கோ படித்திருக்கிறார். எங்கள் உறவினர் ஒருவருக்கு அதே மாத்திரை வீட்டிலேயே இருக்கிறது. குறைந்த அளவில் அப்பாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் அண்ணன். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்று: அமிலாய்டை அகற்றும் புதிய ஊசி மருந்து வந்துவிட்டதே, அதைப் போட்டால் போன சினாப்ஸ்கள் திரும்ப வருமா?

பதில் 5: வைரக்கத்தி

தம்பி, முதலில் அந்த மாத்திரையை எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் பயம் சரியான பயம்.

அண்ணன் படித்தது பொய்யில்லை. லேசான மறதி உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு லெவெட்டிராசெட்டம் கொடுத்தபோது ஹிப்போகாம்பஸின் மிகைத் தூண்டல் குறைந்தது, ஒரு நினைவுச் சோதனையில் முன்னேற்றமும் தெரிந்தது என்று 2012 இல் ஓர் ஆய்வு வந்தது. நான் மேலே சொன்ன எஸ்வி2ஏ புரதத்தில்தான் அந்த மருந்தும் போய் ஒட்டுகிறது என்பதால் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் இயல்பு. ஆனால் 2021 இல் அல்சைமர் நோயாளிகளிடம் செய்த சோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் இல்லை. மூளை மின்பதிவில் வலிப்பு போன்ற அலைகள் இருந்தவர்களிடம் மட்டும் சில திறன்களில் முன்னேற்றம் தெரிந்தது. அப்பா அந்த வகையைச் சேர்ந்தவரா என்று வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்க முடியாது. அந்த மருந்து தூக்கக் கலக்கத்தையும் எரிச்சலையும் கொண்டுவரக்கூடியது; சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவு தீர்மானிப்பார்கள். அப்பா திடீரென்று சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது, வாயை மென்றுகொண்டே இருப்பது, கூப்பிட்டால் தொடர்பே இல்லாமல் இருப்பது என்று எதையாவது கவனித்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மின்பதிவு எடுக்கச் சொல்வார். வழி அது.

ஊசி மருந்தைப் பற்றி. நீங்கள் கேட்பது லெக்கனமாப், டோனனமாப் வகை. லெக்கனமாபுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஜூலையில் முழு ஒப்புதல் கொடுத்தது, டோனனமாபுக்கு 2024 ஜூலையில். லெக்கனமாபை 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதித்தார்கள். 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இருந்த வேறுபாடு 0.45 புள்ளி. நோய் மோசமாகும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது என்று செய்திகளில் வந்தது இதுதான். இரண்டு எண்களும் உண்மை, ஆனால் குடும்பத்தாரின் காதில் இரண்டாவது மட்டும்தான் விழுகிறது. மருந்து எடுத்தவர்களும் தொடர்ந்து மறந்துகொண்டுதான் வந்தார்கள், கொஞ்சம் மெதுவாக. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படுகின்றன. அதனால் இடையிடையே எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. மூன்று ஆண்டு ஆகிவிட்ட உங்கள் அப்பா அந்த நிலையைத் தாண்டியிருக்கவும் கூடும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

போனவை திரும்ப வருமா என்றால், இந்த மருந்துகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அமிலாய்டை அகற்றுவது வேறு, விலகிப்போன கைகளை மீண்டும் சேர்ப்பது வேறு. இரண்டாவதற்கு இன்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது. இதை எழுத எனக்கும் கனமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இயற்கைக்கு அந்த வித்தை தெரியும். குளிர்காலத்தில் உறங்கும் விலங்குகளின் மூளையில், உடல் குளிரும்போது சினாப்ஸ்கள் கழன்றுவிடுகின்றன. விழிக்கும்போது மீண்டும் உண்டாகின்றன. ஜியோவன்னா மல்லூச்சியின் குழு 2015 இல் சாதாரண எலிகளைக் குளிர்வித்தும் இதைப் பார்த்தது. குளிரில் கூடுகிற ஆர்பிஎம்3 என்ற புரதம் அந்த மறுபிறப்புக்குத் தேவை. நோயுற்ற எலிகள் இந்தத் திறனைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகின்றன. அவற்றின் மூளையில் அந்தப் புரதத்தைக் கூட்டியபோது சினாப்ஸ்கள் காக்கப்பட்டன. உடலைக் குளிர்விக்காமலேயே அந்தப் புரதத்தைக் கூட்ட முடியுமா என்று தேடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் முதியவர்களைக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டிவிட வேண்டாம். அது ஆபத்து.

பதில் 6: முதியோர்நல மருத்துவர்

ஆராய்ச்சியை நண்பர் வைரக்கத்தி அழகாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இன்றைக்கே பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் இதுவும் சினாப்ஸ் சம்பந்தப்பட்டதுதான்.

உங்கள் அம்மாவுக்குப் பெரும்பாலும் டோனபெசில் கொடுத்திருப்பார்கள். சினாப்ஸின் இடுக்கில் அசிட்டைல்கோலின் என்ற செய்திப்பொருள் சிதைந்துபோவதை அது தாமதப்படுத்துகிறது. எஞ்சியிருக்கும் இணைப்புகளில் செய்தி கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், அவ்வளவுதான். இதே நோய்க்குக் கொடுக்கும் மெமண்டைன் என்ற மருந்தும் சினாப்ஸில்தான் வேலை செய்கிறது, வேறொரு ஏற்பியில். இப்படி ஒரு கையால் அசிட்டைல்கோலினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுப்பதை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகளில் சில, தூக்கத்துக்கென்று கடையில் வாங்குபவற்றில் சில, சிறுநீர் அடக்க முடியாமைக்குக் கொடுப்பவற்றில் சில, பழைய மனச்சோர்வு மருந்துகளில் சில எல்லாம் அந்த வகை. ஒவ்வொன்றையும் எழுதியவர் வெவ்வேறு மருத்துவர் என்பதால் யாருக்கும் முழுப் படம் தெரிவதில்லை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் நீங்களே வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு நரம்பியல் மருத்துவரின் மேசையில் கொட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

பி12, தைராய்டு இரண்டும் பார்த்தாகிவிட்டதா? காது கேட்கிறதா? மாலையில் மட்டும் குழப்பம் கூடினால், அன்று பகல் எப்படிப் போனது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பேடு எனக்கு எந்த ஸ்கேனையும்விட அதிகம் சொல்லும்.

ஒரு வேண்டுகோள். "இதை நீங்கள்தான் திருத்தினீர்கள் அம்மா" என்று அவருக்கு நிரூபிக்க முயல வேண்டாம். அன்று நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தது சரி.

பதில் 7: மெய்ப்புக்காரர் மகள்

எல்லோருக்கும் நன்றி. எழுதத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் சொன்னபடி மாத்திரைகளை ஒரு பையில் சேர்த்தேன். பதினொன்று இருந்தன. அவற்றில் ஒன்று, இரவில் அடிக்கடி எழுந்து போகிறார் என்று வேறொரு மருத்துவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியது. நரம்பியல் மருத்துவர் அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பதிலாக வேறொன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது. மாலைக் குழப்பம் போய்விடவில்லை. ஆனால் குறிப்பேட்டில் "பெயர் கேட்டார்" என்று முதல் வாரம் ஐந்து மாலைகள், இந்த வாரம் இரண்டு. இதற்கு மேல் நான் இதில் எதையும் படித்துக்கொள்ளவில்லை.

வைரக்கத்தி ஐயாவுக்கு: எஞ்சியவை பெரிதாகிக்கொள்கின்றன என்று நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இதை எழுதியவர் யார், வாக்கியம் சுத்தமாக இருக்கிறதே" என்றார். அரை மணி நேரத்தில் மறந்துவிட்டார். மறுபடி படித்துக் காட்டினேன். அதையேதான் மறுபடியும் சொன்னார்.

இன்னொன்று. இந்தத் திரியில் என் கேள்வியை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். நேற்றுப் பார்த்தால் நடுவில் ஓரிடத்தில் சிவப்புச் சுழிப்பு, ஓரத்தில் நீக்கற்குறி. வல்லினம் மிகக்கூடாத இடத்தில் ஓர் ஒற்றைப் போட்டிருந்தேன். மேலே கேள்வியில் அதைத் திருத்திவிட்டேன்.